வலிப்பு வராத வருடங்களில் நடந்தது

அக்கா மகனுக்கு ஃபிட்ஸ் என்று தெரிந்த வாரத்திலேயே ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. நலம் விசாரித்து முடித்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது யார் வழியில் வந்தது? அத்தானின் பெரியம்மா அக்காவிடமே நேராகக் கேட்டுவிட்டார். "உங்க பக்கம் யாருக்காவது இருந்துதாம்மா?" அக்கா பதில் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டினாள். தில்லியில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். அதனால் மரபணு சம்பந்தமான கேள்வி எதுவானாலும் என்னிடம்தான் வரும்.

பிறகு ரத்தத்தில் மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். நோய்க்குக் காரணம் என்று சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அக்கா அந்தக் காகிதத்தைப் பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். அவளுக்கு அது ஒரு விடுதலைப் பத்திரம். எனக்கு அங்கேதான் கேள்வி ஆரம்பித்தது. பரம்பரையில் யாருக்கும் இல்லை, ரத்தத்தில் உள்ள மரபணுவில் பிழை இல்லை, மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. அப்படியிருந்தும் இந்த வலிப்பு ஏன் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை?

அவனுக்கு ஒன்றரை வயதில் கடுமையான காய்ச்சல் வந்தது. ஜூன் மாதம், தில்லியில் லூ என்ற அனல்காற்று அடிக்கும் நாட்கள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோதே குழந்தைக்கு இழுக்க ஆரம்பித்தது. காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு வலிப்பு வருவது சகஜம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், பின்னால் தொந்தரவு எதுவும் இருக்காது. இவனுக்கு நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குப் போய் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அதற்குள் அரை மணிக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் வருடக்கணக்கில் ஒன்றுமே இல்லை. ஓடினான், விழுந்தான், சைக்கிள் கற்றுக்கொண்டான், மலை மந்திர் முருகன் கோவில் படிக்கட்டில் என் கையை உதறிவிட்டு முன்னால் ஏறினான்.

ஒன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தட்டில் வத்தக்குழம்பு சாதம். பிசைந்துகொண்டிருந்த வலது கை நின்றது. கண் திறந்தே இருந்தது, பார்வை மட்டும் சுவரில் எங்கோ. வாயில் எதுவும் இல்லாமலே மென்றான், உதட்டைச் சப்புக்கொட்டினான். இடது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. வலது கை விரலில் சாதம் ஒட்டியபடி மணிக்கட்டில் மடங்கி விறைத்து நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். பெருமூச்சு விட்டான். பேச்சு திரும்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, "சித்தி, அப்பளம்" என்றான். நடுவில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டதே, எந்தக் கை திருகியது, எந்தக் கை விறைத்தது என்பதைத்தான். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் டெம்போரல் மடலில் வலிப்பு கிளம்பினால், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக் கைதான் இப்படி விறைக்கும். எம்.ஆர்.ஐ. அதை உறுதிசெய்தது. மூளையின் இடது பக்கத்தில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கி, வடுப்பட்டுக் கிடந்தது. நினைவுகளைப் பதிக்கும் இடம் அது. குழந்தைப் பருவத்தில் நீண்ட காய்ச்சல் வலிப்பு, பிறகு பல வருட அமைதி, அதன்பின் டெம்போரல் மடல் வலிப்பு என்று இந்த வரிசையில் வரும் நோயாளிகள் நிறையப் பேர் என்று அந்த மருத்துவர் சொன்னார்.

அந்த அமைதியான வருடங்களில் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம். நாங்கள் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த விரற்கடை அளவு இடம் மெல்ல மெல்லத் தன்னை மாற்றியமைத்துக்கொண்டிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் இந்தக் காலத்தை நோய் இல்லாத காலமாகப் பார்ப்பதில்லை. நோய் உருவாகும் காலமாகவே பார்க்கிறார்கள்.

நம் உடம்பின் அநேகமாக எல்லாச் செல்களிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான். புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000. தோல் செல்லும் மூளை செல்லும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு வேலை செய்கிறது, எது ஓய்வெடுக்கிறது என்பதுதான். இதைத் தீர்மானிக்கும் அடையாளங்கள் டி.என்.ஏ.வின் மேலேயே உண்டு. டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் மீது மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொள்ளும். மரபணு தொடங்கும் இடத்தில் இது அதிகம் ஒட்டினால் பெரும்பாலும் அந்த மரபணு அடங்கிப்போகும். இன்னொரு வழியும் இருக்கிறது. நூல்கண்டில் நூல் சுற்றியிருப்பதுபோல, டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றித்தான் இருக்கிறது. ஹிஸ்டோனில் அசெட்டைல் குழு ஏறினால் சுற்று தளரும், மரபணுவைப் படிக்க முடியும். இறங்கினால் சுற்று இறுகிவிடும். எழுத்து ஒன்றுகூட மாறாமல் வேலை மட்டும் மாறுவதைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறார்கள். பசி, பயம், நோய், மருந்து எல்லாவற்றுக்கும் செல் இந்த வழியிலும் பதில் சொல்கிறது. கட்டுக்கடங்காத ஒரு வலிப்புக்கும் அப்படித்தான்.

கலிஃபோர்னியாவில் டாலி பாரம் என்ற குழந்தை நரம்பியல் நிபுணரின் ஆய்வகம் செய்த ஒரு சோதனையைப் படித்தபோது எனக்குப் பல விஷயம் தெளிந்தது. நரம்பு செல்லின் கிளைகளில் எச்.சி.என்.1 என்ற அயனி வாயில், அதாவது மின்னேற்றமுள்ள துகள்கள் போய்வரும் வழி, இருக்கிறது. செல் அளவுக்கு மீறிக் கிளர்ச்சியடையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. எலிகளுக்கு நீண்ட வலிப்பு வந்த பிறகு ஹிப்போகாம்பஸ் செல்களுக்குள் என்.ஆர்.எஸ்.எஃப். என்ற புரதம் அதிகமாகிறது. அது எச்.சி.என்.1 மரபணுவின் மேல் போய் உட்கார்ந்து, ஹிஸ்டோன்களை இறுக வைத்து, அதை அடக்கிவிடுகிறது. அடக்கி வைக்க வேண்டிய வாயில் குறையக் குறைய, செல் எளிதில் பொறிபறக்கும் நிலைக்குப் போகிறது. அந்தப் புரதம் மரபணுவில் ஒட்டாதபடி போலி டி.என்.ஏ. துண்டுகளைக் கொடுத்து ஏமாற்றியபோது எச்.சி.என்.1 மீண்டது, வலிப்பும் மட்டுப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வு இது. ஒரு வலிப்பு தனக்குப் பின்னால் என்ன விட்டுவிட்டுப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நான் படித்ததில்லை.

அடினோசின் கதை இதைவிட ஆச்சரியமானது. மூளை தானே தயாரிக்கும் வலிப்படக்கி அது. வலிப்பு நோய் முற்றிய மூளையில் நரம்புகளுக்குத் துணையிருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் பெருத்து, அடினோசினை அழிக்கும் நொதியை அதிகமாக உருவாக்குகின்றன. இயற்கையான பிரேக் குறைகிறது, சரி. அதோடு முடியவில்லை. டி.என்.ஏ. மீது மெத்தில் ஏறும் வேதிவினையின் கடைசியில் மிச்சமாவதும் அடினோசின்தான். அந்த மிச்சம் உடனுக்குடன் அகன்றால் வினை தடையில்லாமல் ஓடும், மெத்தில் மேலும் மேலும் ஏறும். டெட்லெவ் பாய்சன் குழு 2013இல் வலிப்பு நோய் வந்த எலிகளின் மூளையில் அடினோசின் கசியும் சிறு துண்டுகளை வைத்தார்கள். அந்தத் துண்டு பட்டுப் புரதத்தால் செய்தது. 10 நாள் அளவுக்குத்தான் மருந்து கசியும். ஆனால் மெத்தில் ஏற்றம் குறைந்தது, நோய் முற்றுவதும் குறைந்தபட்சம் 3 மாதத்துக்குத் தடுக்கப்பட்டது. மருந்து தீர்ந்துபோன பிறகும் பலன் நின்றது என்பதுதான் இதில் முக்கியம். இன்று நாம் கொடுக்கும் மாத்திரைகள் அப்படியில்லை. உடம்பில் இருக்கும்வரை வலிப்பைத் தடுக்கும், நிறுத்தினால் அவ்வளவுதான். அவை நோயின் போக்கை மாற்றுவதில்லை.

எலியில் நடப்பதெல்லாம் மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மனிதர்களிலும் தடயம் உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கனில் காட்யா கோபோவும் இங்மார் ப்ளூம்கேயும் டெம்போரல் மடல் வலிப்புக்காக வெட்டி எடுத்த திசுக்களைப் பார்த்தார்கள். ரீலின் என்பது நரம்பு செல்களை அவற்றுக்குரிய வரிசையில் நிறுத்தி வைக்கும் புரதம். அந்த மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் அதிகம் ஏறியிருந்த நோயாளிகளின் ஹிப்போகாம்பஸில், நெருக்கமாக நிற்க வேண்டிய செல்கள் கலைந்து பரவிக் கிடந்தன. இது 2009இல். இந்த வழியில் மேலே போய், மருந்துக்குக் கேட்காமல் போவதற்கே மெத்தில் ஏற்றம் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோளையும் அவர்கள் முன்வைத்தார்கள்.

மருந்து ஏன் தோற்கிறது என்பதற்கு இன்னும் பழைய விளக்கங்கள் இரண்டு உண்டு. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பில் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்ப் இருக்கிறது. அது வேற்றுப் பொருட்களை வெளியே தள்ளும். மருந்துக்குக் கேட்காத நோயாளிகளின் மூளைத் திசுவில் இந்தப் பம்பின் மரபணு மிகுதியாக வேலை செய்வதை 1995லேயே கண்டார்கள். மருந்து ரத்தத்தில் போதுமான அளவு இருந்தும் மூளைக்குள் நிற்பதில்லை என்பது விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பம்பை அடைத்து வலிப்பைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை எதுவும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. எனக்கு அதிக நம்பிக்கை தரும் விளக்கம் இரண்டாவது. கார்பமாசெபின் சோடியம் வாயில்களைப் பிடித்து வைத்து வேலை செய்யும் மருந்து. ஜெர்மனியின் போன் நகரில் 2003இல், அறுவை சிகிச்சையில் எடுத்த ஹிப்போகாம்பஸ் செல்களில் அதைச் சோதித்தார்கள். கார்பமாசெபினுக்குக் கட்டுப்பட்ட நோயாளியின் செல்லில் மருந்து வழக்கம்போல வேலை செய்தது. கட்டுப்படாதவர்களின் செல்லில் பூட்டே மாறியிருந்ததுபோல, அந்தப் பிடிப்பு இல்லை. எங்கள் பையனுக்கு முதலில் கொடுத்தது கார்பமாசெபின்தான்.

இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: வலிப்பு நோய் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது தான் இருக்கும் திசுவை மாற்றிக்கொண்டே போகிறது. மருந்து தோற்பதும் அந்த நகர்வில் ஒரு கட்டம். அப்படியானால் இங்கே மிகவும் விலை உயர்ந்த பொருள் காலம். அதைத்தான் நாம் தாராளமாகச் செலவு செய்கிறோம்.

கிளாஸ்கோவில் பேட்ரிக் குவானும் மார்ட்டின் பிராடியும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்குமுன் சிகிச்சையே எடுக்காத 470 பேரில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது, மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 சதவீதம்தான். இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்து நின்றவர்கள் 3 சதவீதம். அதன் பிறகு புதுப்புது மருந்துகள் எத்தனையோ வந்தன. அதே ஊரில் 30 வருடத் தரவை, 1,795 நோயாளிகளை வைத்து 2018இல் மறுபடி பார்த்தபோதும், வலிப்பு நின்றவர்கள் மொத்தத்தில் 64 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதனால்தான் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010இல் வரையறை ஒன்றைச் சொன்னது. சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியான அளவில், உடம்புக்கு ஒத்துக்கொண்ட இரண்டு மருந்துகள் தோற்றுப்போனால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. இரண்டே இரண்டு.

எங்கள் வீட்டில் அந்த எல்லை எப்போதோ தாண்டிப்போனது. கார்பமாசெபின், அப்புறம் லெவெடிராசெடம், அதோடு குளோபசாம், பிறகு வால்ப்ரோயேட். பார்த்துக்கொண்டிருந்த தனியார் மருத்துவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரையைக் கூட்டுவார், இல்லையென்றால் மில்லிகிராமைக் கூட்டுவார். "இன்னும் மூணு மாசம் பாக்கலாம்" என்பார். லெவெடிராசெடம் எடுத்த காலத்தில் பையனுக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. வால்ப்ரோயேட்டில் உடம்பு போட்டான், கை நடுங்கியது, கணக்கு நோட்டில் கோடு நேராக வரவில்லை. எந்த மருந்தும் அந்தப் பொத்தான் திருகலை நிறுத்தவில்லை. வலிப்பு கிளம்பும் இடத்தை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை என்ற சொல்லை அந்த அறையில் யாரும் உச்சரிக்கவில்லை. நாங்கள் அதைக் கடைசிப் புகலிடம் என்று நினைத்திருந்தோம். நம் ஊர்க் குடும்பங்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், மருத்துவர்களில் பலரும்கூட.

ஆனால் அறுவை சிகிச்சை கடைசிப் புகலிடம்தானா என்ற கேள்விக்குப் பதில் சொன்ன முக்கியமான ஆய்வு ஒன்று இதே தில்லியில் நடந்தது. எய்ம்ஸ் மருத்துவமனையில் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்போடு வந்த, 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள 116 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை. இன்னொரு பிரிவு மருந்தோடு காத்திருக்க வேண்டும். அங்கே காத்திருப்போர் பட்டியல் எப்படியும் நீளம் என்பதால், யாரையும் வேண்டுமென்று தள்ளிவைக்காமலே இதைச் செய்ய முடிந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பே இல்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம். 2017இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பக்க விளைவும் சிறியதல்ல. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பு இருந்தது, பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம் பலவீனமாவது. மூளையின் எந்த இடத்தில் கத்தி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் முடிவெடுக்கும் வாய்ப்பாவது குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா.

எங்களுக்கு அது ஓர் அரசு மருத்துவமனையில் கிடைத்தது. விடியற்காலைப் பனியில் ஓ.பி.டி. என்ற புறநோயாளிகள் பிரிவின் வரிசை, பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து நடைபாதையில் கம்பளி விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்கள், வலிப்புக்கு ஹிந்தியில் வழங்கும் "மிர்கி" என்ற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தும் அம்மாக்கள். மூளையின் மின்னலைகளையும் உடம்பின் அசைவையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி.க்காகப் பையனை வார்டில் வைத்து, மருந்தைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருந்தார்கள். அவன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வரக்கூடாது என்று இத்தனை காலம் வேண்டிக்கொண்டது இப்போது வரட்டும் என்று காத்திருப்பது அக்காவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வந்தது. இடது பக்கம்தான். இடது பக்கம் என்பதால் பேச்சும் சொல் நினைவும் எந்த அளவு பாதிக்கப்படலாம் என்று தனியாகச் சோதித்தார்கள். பையனுக்குத் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்து வரும். சோதனை செய்த பெண்ணுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ச் சொற்களுக்குத் துணை செய்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் கையெழுத்துக்கு வந்த படிவங்களில் ஒன்று, வெட்டி எடுக்கும் திசுவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டது. "அதை வெச்சு என்ன பண்ணுவாங்க?" என்று அக்கா கேட்டாள். நான் தெரிந்த அளவு சொன்னேன். ஒரு துண்டு ஃபார்மலினில் நோய்க்குறியியல் துறைக்குப் போகும். இன்னொன்றை எடுத்த உடனேயே திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். மரபணு வேலை செய்வதற்கு அடையாளம் ஆர்.என்.ஏ. அது சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். பிறகு அந்தத் துண்டில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்தது, எங்கே மெத்தில் ஏறியிருக்கிறது என்று படிப்பார்கள். எய்ம்ஸும் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் சேர்ந்து இந்த வகை ஆய்வுகளைச் செய்து வெளியிட்டிருக்கின்றன. அக்கா கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கயாவது இதுக்கு ஒரு காரணம் கிடைக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

காரணம் அவ்வளவு எளிதில் கிடைக்காது என்பதும் உண்மை. ஒப்பிடுவதற்கு ஆரோக்கியமான மூளைத் திசுவை யார் கொடுப்பார்கள்? இறந்தவர்களிடமிருந்து எடுத்தால், மரணமே மரபணுக்களின் வேலையை மாற்றியிருக்கும். நோயாளியோ வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர், அந்த மருந்துகளும் மரபணுக்களின் வேலையைத் தொடும். வடுப்பட்ட ஹிப்போகாம்பஸில் நரம்பு செல்கள் குறைந்து துணைச் செல்கள் பெருகியிருக்கும். மொத்தமாக அரைத்துப் படித்தால், ஒரு மரபணு அடங்கிவிட்டதா, அந்த மரபணு வேலை செய்யும் செல்களே செத்துப்போய்விட்டனவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்போது ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படிக்கும் முறை வந்திருப்பது இதற்கு உதவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, திசுவில் காணும் மாற்றம் வலிப்புக்குக் காரணமா, வலிப்பின் விளைவா என்ற கேள்வி. எலிகளில் தடுத்துப் பார்க்கலாம். மனிதர்களில் நமக்குக் கிடைப்பது நோயின் கடைசி அத்தியாயத்திலிருந்து கிழித்த ஒரு பக்கம்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பதால் மூளையிலும் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது என்பதும் இந்தத் திசுக்களிலிருந்துதான் தெரியவந்தது. மூளையின் மேலடுக்கான புறணி சரியாக உருவாகாததால் வரும் ஒரு வகை வலிப்பில், எம்-டோர் என்ற மரபணுவின் பிழை மூளையின் அந்த இடத்துச் செல்களில் சிலவற்றில் மட்டும் இருப்பதைக் கொரிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் அது இல்லை. கருவில் மூளை வளரும்போது எங்கோ ஒரு செல்லில் நேர்ந்தது. அம்மாவிடமிருந்தும் வரவில்லை, அப்பாவிடமிருந்தும் வரவில்லை.

சிகிச்சைப் பக்கம் வந்தால், எபிஜெனெடிக் வழியைத் தொடும் மருந்து ஒன்று அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் டப்பாவிலேயே இருந்தது. வால்ப்ரோயேட்டை 1882இல் முதன்முதலாகத் தயாரித்தார்கள். எண்பது வருடம் வெறும் கரைப்பானாகவே கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸின் கிரெனோபிளில், வேறு மருந்துகளைக் கரைத்துச் சோதிக்கப்போய், கரைப்பானே வலிப்பை அடக்குவதைக் கண்டுபிடித்தார்கள். ஹிஸ்டோனிலிருந்து அசெட்டைலை இறக்கும் நொதிகளை அது தடுக்கிறது என்று 2001இல்தான் தெரிந்தது. கர்ப்பகாலத்தில் இந்த மருந்து சிசுவுக்கு ஊறு செய்வதற்கும் இந்தக் குணம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு இதை எழுதும் மருத்துவர் அந்த ஆபத்தைப் பெற்றோரிடம் விளக்கியே ஆக வேண்டும். எழுதிக்கொடுத்துவிட்டு நகர்வது சரியில்லை. கொழுப்பை மிகுத்து மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோஜெனிக் உணவும் இப்படித்தான். 1921இலிருந்து வலிப்புக்குக் கொடுக்கிறார்கள். அப்போது உடம்பில் உருவாகும் கீட்டோன் ஒன்று அதே நொதிகளைத் தடுப்பதாக 2013இல் காட்டினார்கள். அரிசியைக் குறைத்து அந்த உணவை ஒரு தமிழ் வீட்டில் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை, ஆனால் சில குழந்தைகளுக்கு அது மருந்தைவிடக் கேட்கிறது. மருத்துவரும் உணவியல் நிபுணரும் கண்காணிக்காமல் செய்யக்கூடாது.

புதிய வழிகளும் வருகின்றன. டிராவெட் என்ற கொடிய குழந்தை வலிப்பில் பெரும்பாலும் எஸ்.சி.என்.1.ஏ. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. பழுதானதைத் திருத்த முயலாமல், நல்ல பிரதியைக் கூடுதலாக வேலை செய்யத் தூண்டும் ஆர்.என்.ஏ. மருந்து ஒன்று மனிதர்களில் சோதனையில் இருக்கிறது. டப்ளினில் டேவிட் ஹென்ஷால் குழு, மரபணுக்களின் வேலையை அடக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்றைத் தடுத்து எலிகளில் வலிப்பைக் குறைத்துக் காட்டியது. எங்கள் பையனுடைய வகை வலிப்புக்கு இப்படி ஒன்று இன்னும் வரவில்லை.

அதற்குள் சந்தையில் போலி வந்துவிட்டது. "எபிஜெனெடிக் முறையில் வலிப்பை வேரோடு நீக்குகிறோம்" என்று பொடியும் சொட்டு மருந்தும் விற்கிறார்கள். அக்காவுக்கு வாட்ஸப்பில் வாரம் ஒன்று வரும். இது எனக்கு மிகுந்த கோபம் தருகிற விஷயம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதைவிட நயவஞ்சகமான இன்னொன்றும் உண்டு. மரபணுவின் வேலையைச் சூழல் மாற்றும் என்று தெரிந்ததும், கர்ப்பத்தில் நீ என்ன சாப்பிட்டாய், எதற்குக் கவலைப்பட்டாய் என்று அம்மாவைக் குடைய ஆரம்பிக்கிறார்கள். முன்பு பரம்பரை என்று சொல்லிக் குற்றம் சாட்டினார்கள், இப்போது விஞ்ஞானத்தின் பெயரால் சாட்டுகிறார்கள். ஹிப்போகாம்பஸில் மெத்தில் ஏறியதற்கு அக்கா காரணமில்லை. காய்ச்சல் யார் வீட்டுக்குத்தான் வராது? இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாக எழுதி வைத்திருந்த நாடு இது. 1999இல்தான் திருத்தம் செய்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து போனது வீடுகளிலிருந்து இன்னும் போகவில்லை.

பையனுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருமுறை வந்தது, காய்ச்சல் அடித்தபோது. அதன் பிறகு இல்லை. மாத்திரை ஒன்றுக்குக் குறைந்திருக்கிறது. சில நேரம் சொல் தேடித் தடுமாறுகிறான், மூன்று மொழியில் எது முதலில் கிடைக்கிறதோ அதைச் சொல்லிவிட்டுப் போகிறான்.

போன மாதம் முனிர்க்காவில் ஒரு தமிழ்க் குடும்பம் என்னைத் தேடி வந்தது. பதினான்கு வயதுப் பெண். மூன்றாவது மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: "மரபணு டெஸ்ட் எடுத்தா எங்க பக்கமா அவங்க பக்கமான்னு தெரிஞ்சிடுமாங்க, டீச்சர்?" மரபணுச் சோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும், இரண்டு மருந்து தோற்றுவிட்டதென்றால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வலிப்பு அறுவை சிகிச்சைக்கான மதிப்பீடு, வீடியோ ஈ.ஈ.ஜி.யும் வலிப்புக்கென்றே தனி முறையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் என்று சொன்னேன். அறுவை சிகிச்சை தேவைப்படாமலே போகலாம், வேறு காரணம் தெரியவரலாம், மருந்தே தப்பான வகை என்றுகூடத் தெரியலாம் என்பதையும் சொன்னேன். அவர் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பையில் மருந்துச் சீட்டுகள் முன்பின்னாகக் கலந்து கிடந்தன. தரையில் உட்கார்ந்து, எந்த மருந்து எந்தத் தேதியில் எந்த அளவில் தொடங்கியது, எப்போது எதனால் நிறுத்தினார்கள் என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். வலிப்பு வரும்போது முகமும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் ஓ.பி.டி.க்கு அவருடன் நானும் போகிறேன்.